கைக்கணக்கும் கணிப்பொறியும்

2014 ஜூன் 28 அன்று, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். எஞ்சி நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2இல் தகர்க்கப்பட்டது. அண்டை ஊரினராகிய நாம் அத்துயரை மறத்தலாகாது.

இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எங்கணும் அடுக்ககங்கள் எழுகின்றன. பொறியியல் பயிலும் நம் பிள்ளைகளோ, "கணிப்பொறி இருக்கக் கைக்கணக்கு எதற்கு?" என வினவுகின்றனர்.

கணிப்பொறியை வேண்டாமென்பது பேதைமை. காற்றும் நிலநடுக்கமும் தாக்கும் உயர்ந்த கட்டடத்தைக் கையால் முற்றக் கணித்தல் அரிது. ஆயினும், பிழையான தரவுக்குப் பிழையான விடையையே அது விரைந்து தரும். 1991இல் நார்வேயில் ஸ்லைப்னர் எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம் மூழ்கியது. சுவரை வெட்டும் விசையைக் கணிப்பொறி மாதிரி 47 விழுக்காடு குறைத்துக் காட்டியது முதன்மைக் காரணமாயிற்று.

ஒரு தூண், தளந்தோறும் 16 சதுர மீட்டர் பரப்பைத் தாங்குவதாகக் கொள்வோம். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் எனில், 11 தளங்களுக்கு 176 டன். திரை 76 எனக் காட்டினால் ஐயம் எழவேண்டும். கையால் கணக்கிட்டுப் பழகியவனுக்கே அந்த ஐயம் எழும். அலகிட்டுப் பழகிய மாணவனின் செவிக்கே தளை தட்டுவது புலப்படுகிறது அன்றோ!

ஆகவே, கணிப்பொறி விடை தரட்டும். கைக்கணக்கு அதனைச் சரிபார்க்கட்டும். அக்கூரையின் கீழ் உறங்குவோர் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மறுமையில் விடையிறுக்க வேண்டியவர், வரைபடத்தில் கையொப்பமிட்ட மனிதரே.