நுரைச்சோலைச் சாம்பலுக்குக் கையெழுத்திடுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மின்சார சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்யும் 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படித்தாயிற்று. கட்டணம், முதலீடு, ஊழியர்களின் எதிர்காலம் எல்லாம் அலசப்பட்டன. நுரைச்சோலையில் குவிந்து கிடக்கும் சாம்பல் எந்த நிறுவனத்தின் கணக்கில் சேரும் என்ற கேள்வி மட்டும் என் கண்ணில் படவில்லை. கற்பிட்டிக் குடாநாட்டில் இருப்பவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

நுரைச்சோலையிலுள்ள லக்விஜய அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. மற்ற இரண்டும் சேர, 2014இல் மொத்தம் 900 மெகாவாட் ஆயிற்று. நாட்டுக்கு அந்த மின்சாரம் வேண்டும். எங்கள் வீடுகளிலும் எரிவது அதுதான். நிலையத்தை நாளைக்கே மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதைத் திட்டமிட்டவர்களும் இன்று நடத்துபவர்களுமான பொறியியலாளர்களிடம் கணக்குக் கேட்கிறேன்.

இந்தக் கரையின் கடலையும் காற்றையும் அறிந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும். நிலக்கரிக் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, பார்ஜ்களில் கரி இறக்கும் வேலை அந்த மாதங்களில் நடக்காது. எனவே பருவம் தொடங்குமுன்பே கரியை இறக்கித் திறந்த வெளியில் மலையாகக் குவித்து வைக்கிறார்கள். கடலில் இருந்து நிலத்தை நோக்கிக் காற்று மிக வேகமாக வீசுவதும் அதே மாதங்களில்தான். ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கும் மேல் கரி எரிக்கும் நிலையம் இது. கரிமேட்டின் தூசு தோட்டங்களுக்கு வரும் என்பது வரைபடம் போட்ட நாளிலேயே கணித்திருக்கக்கூடிய விடயம். ஆனால் காற்றுத் தடுப்பு வேலி பற்றிய பேச்சு சூடுபிடித்தது, நிலையம் ஓடத் தொடங்கி முறைப்பாடுகள் பெருகிய பிறகுதான்.

சாம்பலின் கதையும் இதுவே. புகைபோக்கிக்குப் போகும் நுண்சாம்பலை மின்புலத்தால் பிடிக்கும் கருவிகள் நிலையத்தில் உள்ளன. பிடித்த சாம்பலில் ஒரு பகுதியைச் சீமெந்துத் தொழிற்சாலைகள் வாங்குகின்றன. மிஞ்சுவது சாம்பல் முற்றத்தில் கிடக்கிறது. நனைத்து, மூடி வைக்காவிட்டால் காற்று அதைத் தூக்கிச் செல்லும். வெங்காயப் பாத்தியிலும் மிளகாய் இலையிலும் சாம்பல் படிவதாக நரக்கள்ளி, தழுவப் பக்கத்து மக்கள் முறையிட்டு வருவது ஊரறிந்தது. மணற்பாங்கான இந்த மண்ணில் மேலே விழுந்தது மழையோடு கீழே இறங்கக் கனநாள் ஆகாது. எங்கள் கிணறுகள் ஆழமில்லாதவை. அளவுக்கு மீறிய உரப் பாவனை இந்த நிலத்தடி நீரைக் கெடுத்துவருவதும் உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கும் நீர் என்பதால் இன்னும் கவனமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

'தீர்மானிப்பது அரசாங்கம், நாங்கள் வெறும் ஊழியர்கள்' என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். மின் உற்பத்தித் திட்டம் தாமதமானால் நாடு இருளில் மூழ்கும் என்று மின்சார சபைப் பொறியியலாளர் சங்கம் அமைச்சர்களின் முகத்துக்கு நேரே பலமுறை எச்சரித்திருக்கிறது. தொழிற்சங்க நடவடிக்கையிலும் இறங்கியிருக்கிறது. அவர்களுக்குத் துணிவு இல்லாமல் இல்லை. சாம்பலுக்காக அதே குரல் அதே உரப்பில் எழுந்ததை நாங்கள் கேட்டதில்லை. சமூகத்தின் நலன், ஆரோக்கியம், பாதுகாப்பு ஆகியவையே மற்ற எல்லாக் கடமைகளுக்கும் முந்தியவை என்பதை இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் தன் ஒழுக்கக் கோவையிலேயே வைத்திருக்கிறது. நரக்கள்ளித் தோட்டக்காரரும் அந்தச் சமூகத்தில் அடக்கம்.

மின் நிலையக் கழிவு கிணற்றைக் கெடுப்பது புதிதல்ல. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் என்ன நடந்தது? மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. ஒரு சுற்றாடல் ஆர்வலர் உயர் நீதிமன்றம்வரை போனார். 2019 ஏப்ரலில், அந்த நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நாள்தோறும் நின்றவர்கள் தொழில் அறிவு உள்ளவர்கள். அவர்களில் எத்தனை பேர் எழுத்தில் எச்சரித்தார்கள், எச்சரித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை யாராவது விசாரித்து வெளியிட்டிருந்தால் நுரைச்சோலைக்கும் அது பாடமாக இருந்திருக்கும்.

நிலையத்தின் அளவீடுகள் வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடலாமே என்பார்கள். வெங்காயம் நடுகிறவர் தான் சுவாசிக்கும் காற்றின் அளவீட்டுக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டுமா? புகைபோக்கி உமிழ்வு, சுற்றுக் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை, அந்த மாதம் எவ்வளவு சாம்பல் வெளியேறியது, எவ்வளவு முற்றத்தில் மிஞ்சியது ஆகிய விபரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் மாதந்தோறும் நிலைய வாயிலிலும் கற்பிட்டிப் பிரதேச சபையிலும் ஒட்டப்பட வேண்டும். 'உரிய அதிகாரி' என்ற முத்திரை போதாது. பொறுப்பான பட்டயப் பொறியியலாளரின் பெயரும் கையொப்பமும் அடியில் இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த பொறியியல் பேரவை, அந்தக் கையொப்பம் பொய்யானால் எங்கே, எப்படி முறையிடுவது என்பதை எங்களுக்கு எழுத்தில் தரட்டும். அடுத்த தென்மேற்குக் காற்று தொடங்குமுன் இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கற்பிட்டி.