தோற்றால் தோற்றேன் என்று சொல்

இந்த வாரம் ஒரு செயலியில் பஸ் டிக்கெட் எடுத்தேன். பச்சை டிக் வந்தது, பணமும் போனது. ஏறப் போனால் கண்டக்டர் கையிலிருந்த பட்டியலில் என் பெயரே இல்லை. நடுவில் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது. அதைப் பிடித்த நிரல் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, எல்லாம் சரி என்று எனக்குச் சொல்லியிருக்கிறது. பணம் திரும்ப வந்துவிடும். அந்தப் பச்சை டிக்கைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிழையை இப்படி மறைக்கக் கூடாது என்பதற்கு நான் எடுத்துப் பார்ப்பது, நிரலாக்கம் பற்றி கணினி அறிஞர் பெர்ட்ரான்ட் மெயர் எழுதிய தடித்த புத்தகத்தை. 1988-இல் முதல் பதிப்பு; 1997-இல் வந்த இரண்டாம் பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். அவர் வடிவமைத்த ஐஃபெல் என்ற நிரல்மொழியில் ஒவ்வொரு செயல்கூறும் தன்னை அழைப்பவரோடு ஒப்பந்தம் போடுகிறது: இன்ன நிபந்தனையோடு வா, இன்னதை முடித்துத் தருகிறேன். முடியாமல் போனால் இரண்டே வழி. கோளாறைச் சீர்செய்து மறுபடி முயல வேண்டும். இல்லையென்றால், கலைத்துப்போட்டதை ஒழுங்குபடுத்திவிட்டு, தோற்றேன் என்று அழைத்தவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் ஏரியான் 5 ராக்கெட் நினைவுக்கு வரும். 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-க்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து இதில் வைத்திருந்தார்கள். கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை 64 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றும் இடம். அந்த 16 பிட்டில் 32,767-க்கு மேல் கொள்ளாது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாகாது, புதியதில் தாண்டிவிட்டது. கிளம்பிய பிறகு ஏரியான் 5-க்கு அந்தக் கணக்கே தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். முதன்மைக் கணினி, மாற்றுக் கணினி இரண்டிலும் அதே நிரல், இரண்டுமே படுத்துவிட்டன. முதன்மைக் கணினி அனுப்பிய பழுதுக் குறிப்பைப் பறப்புத் தரவென்று நம்பி, கட்டுப்பாட்டுக் கணினி எஞ்சின் முனைகளைத் திருப்பியது. சுமார் 40 விநாடியில், நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களோடு ராக்கெட் சிதறியது.

அந்த இடத்தை ஏன் பாதுகாப்பில்லாமல் விட்டார்கள் என்ற காரணம் நிரலுக்குள் எழுதப்படவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அந்த எண்ணின் எல்லையை முன்நிபந்தனையாக நிரலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று 1997 ஜனவரியில் ழெசெக்கெல் என்ற கணினி அறிஞரும் மெயரும் எழுதினார்கள். புதிய ராக்கெட்டின் பாதையை வைத்துச் சோதிக்காவிட்டால் நிபந்தனை எழுதி என்ன பயன் என்று மறுப்பும் வந்தது. நியாயமான மறுப்புதான். ஆனாலும் நான் மெயர் பக்கம். எழுதிவைத்த எல்லை, நிரலை எடுத்து வேறிடத்தில் பொருத்துகிறவர் கண்ணிலாவது படும்.

நிரல் எழுதும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிரலில் பிழையைப் பிடித்துவிட்டுக் காலியாகக் கிடக்கும் 'கேட்ச்' பகுதிகளை இந்த வாரமே தேடிப் பிடியுங்கள். வேலை முடியவில்லை என்று அழைத்தவருக்குச் சொல்லும் வரியை ஒவ்வொன்றிலும் எழுதுங்கள்.