விளக்குக் கடையில் கம்ப்யூட்டர்!

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் நாச்சியார்கோவில் இருக்கிறது. கல் கருடனுக்குப் பெயர் பெற்ற ஊர். குத்துவிளக்குக்கும் பெயர் பெற்ற ஊர்.

வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றுகிறார்கள். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்க்கிறார்கள். பிறகு கடைந்து, மரை வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகத் திருகி நிறுத்துகிறார்கள். விளக்கு தயார்! பெண்ணுக்குக் கொடுக்கும் சீர் வரிசையில் அது இல்லாமல் கல்யாணம் உண்டா?

இவ்வளவு நுட்பமான வேலை நடக்கும் கடையில் கணக்கு எங்கே இருக்கிறது? பாதி சிட்டையில் இருக்கிறது. மீதிப் பாதி கடைக்காரரின் தலைக்குள் இருக்கிறது!

"கம்ப்யூட்டர் வாங்கலாம், அப்பா" என்று மகன் சொல்லுகிறான்.

"அது வந்து விளக்கு வார்க்குமா?" என்று அப்பா கேட்கிறார்.

இந்தப் பேச்சு இன்று பல ஊர்களில், பல கடைகளில் நடக்கிறது. பாய்க் கடையிலும் நடக்கிறது. பொம்மைக் கடையிலும் நடக்கிறது. அப்பாவின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கம்ப்யூட்டர் விளக்கு வார்க்காது. ஒரு விளக்கைக்கூட மெருகு போடாது. பிறகு அது எதற்கு?

தலைக்குள் கணக்கு

ஒரு வாடிக்கையாளர் வருகிறார். 4 கிலோ 350 கிராம் எடையுள்ள விளக்கு வேண்டும் என்கிறார். கிலோ விலை 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விளக்கின் விலை 3,915 ரூபாய். அவர் சும்மா வரவில்லை. வீட்டில் கிடந்த பழைய பித்தளைச் சாமானையும் எடுத்து வந்திருக்கிறார். அது 2 கிலோ 700 கிராம். பழையது கிலோ 500 ரூபாய் என்றால் 1,350 ரூபாய் கழிய வேண்டும். முன்பணம் 1,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். பாக்கி 1,565 ரூபாய்.

ஒரே ஒரு விளக்குக்கு இத்தனை கணக்கு! கல்யாண மாதத்தில் ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தால் என்ன ஆகும்? பித்தளை விலையும் ஒரே நிலையில் நிற்பதில்லை. போன மாதம் பேசிய விலைக்கு இந்த மாதம் சரக்கு கொடுத்துவிட்டு, இரவில் கல்லாவை எண்ணும்போதுதான் நஷ்டம் தெரிகிறது.

தலைக்குள் கணக்கு வைத்திருக்கும் பெரியவர் கெட்டிக்காரர்தான். யார் எவ்வளவு பாக்கி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஆனால் அந்தப் பெரியவர் ஒரு நாள் படுத்துவிட்டால்? பாக்கி வைத்தவர்களில் சிலர் தாமே வந்து கொடுப்பார்கள். சிலர் அந்தத் தெருப் பக்கமே வர மாட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் பழைய சிட்டையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் "கு.வி. 5, பெரிய வீடு, மீதி பிறகு" என்று எழுதியிருக்கும். எந்தப் பெரிய வீடு? எவ்வளவு மீதி? யாருக்குத் தெரியும்!

அப்பா கேட்டார், மகன் செய்தான்

1950-களில் கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் யந்திரம். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அப்படி ஒன்று இருந்தது. விஞ்ஞானிகளும் சர்க்காரும்தான் அதைத் தொட முடிந்தது. 1979-ல் அமெரிக்காவில் 'விசிகால்க்' என்று ஒன்று வந்தது. கட்டம் போட்ட கணக்குத் தாளை அப்படியே திரையில் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டத்தில் விலையை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாத் தொகையும் தானே மாறும். அன்றைக்குத்தான் சின்ன வியாபாரி கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

நம் நாட்டுக் கதை இன்னும் ருசியானது. பெங்களூரில் ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்று ஒரு வியாபாரி. ஆலைகளுக்கு மூலப்பொருளும் யந்திர உதிரிப் பாகங்களும் விற்று வந்தார். தம் கடைக் கணக்குக்குப் பொருத்தமான புரோகிராம் அவருக்குக் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பாரத் கோயங்காவைக் கூப்பிட்டு, "நீயே செய்" என்றார். மகன் செய்தான். 1986-ல் தொழில் தொடங்கினார்கள். அதுதான் இன்று கடைத்தெரு முழுவதும் பேசப்படும் 'டாலி'. பாரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கணக்குப் புத்தகத்தோடு மல்லாடிய ஒரு கடைக்காரரின் கஷ்டத்தில் பிறந்த சாமான் அது!

இன்று வேறு வழியும் இல்லை. 1-7-2017 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. பதிவு செய்துகொண்ட கடைக்காரர் வரிக் கணக்கை இன்டர்நெட் மூலமே அனுப்ப வேண்டும். 1-4-2018 முதல், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு லாரியில் போனால் இ-வே பில் வேண்டும். சிறு தொழில் என்று பதிவு செய்யும் 'உத்யம்' சான்றும் 2020 முதல் இன்டர்நெட்டில்தான். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. கட்டணம் உண்டு என்று சொல்லிப் பணம் வாங்குகிறவரை நம்ப வேண்டாம்.

இதற்கெல்லாம் பல கடைக்காரர்கள் பக்கத்து ஊர்க் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடுகிறார்கள். பாஸ்வேர்டையும் அங்கேயே கொடுத்துவிட்டு வருகிறார்கள். கல்லாப்பெட்டிச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வருவார்களா?

தொழிலாளியின் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கியதும் எதை முதலில் ஏற்றுவது? விற்பனைக் கணக்கு என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். அது தவறு. கூலிக் கணக்கைத்தான் முதலில் ஏற்ற வேண்டும்.

உலைச் சூட்டில் நின்று வார்க்கிறவர் இருக்கிறார். கடைகிறவர் இருக்கிறார். மெருகு போடுகிறவர் இருக்கிறார். எடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில், நடுவில் பண்டிகைக்கு முன்பணம். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு முன்பணம். வருஷக் கடைசியில் யார் யாருக்குப் பாக்கி? கடைக்காரரின் சிட்டை ஒன்று சொல்லும். தொழிலாளியின் ஞாபகம் வேறொன்று சொல்லும். சிட்டைதான் ஜெயிக்கும்! நேர்மையான கடைக்காரருக்கும் இதனால் கெட்ட பெயர் வருகிறது. நல்ல கைகள் மனம் கசந்து பட்டறையை விட்டே போய்விடுகின்றன. போன கை திரும்பி வராது.

மாதம் ஒரு முறை ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்துத் தொழிலாளியின் கையில் கொடுக்கலாம். எத்தனை கிலோ வார்த்தார், கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மீதி எவ்வளவு. நான்கு வரி போதும். தமிழிலேயே கொடுக்கலாம். தமிழுக்கு 'தமிழ் 99' என்ற விசைப்பலகை 1999-லேயே வந்துவிட்டது. 'லிப்ரே ஆபீஸ்' தொகுப்பில் கணக்குத் தாள் புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பெரிய புரோகிராம் வாங்கு என்று விற்பனைக்காரர் சொல்லுவார். அவர் பிழைப்பு அது. முதல் வருஷத்துக்கு அது தேவையில்லை.

இந்தச் சீட்டுக் கொடுக்க மனமில்லாதவர் கம்ப்யூட்டர் வாங்கிப் பயனில்லை. ஒளித்து வைத்த சிட்டையைப் பளபளப்பாக்கியதுதான் மிச்சம்.

யார் உட்கார்ந்து பதிவது? பி.காம். படித்த மகளோ மருமகளோ இல்லாத வீடு இன்று குறைவு. "பெண் பிள்ளை கடையில் உட்காருவதா?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெண் போட்ட கணக்கில்தான் தவறு வரவில்லை என்பதை ஆறு மாதத்தில் அவர்களே சொல்லுவார்கள். ஆனால் ஒன்று. அவள் கல்யாணமாகி வெளியூர் போகும்போது பாஸ்வேர்டும் கூடவே போய்விடக்கூடாது! வீட்டில் இரண்டு பேருக்காவது வேலை தெரிந்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரைப் பட்டறைப் பக்கம் வைக்கக்கூடாது. புகையும் உலோகத் தூளும் அதற்கு ஆகாது. முன் கடையில் வையுங்கள். மின்சாரம் நின்றால் பத்து நிமிஷம் தாங்க ஒரு யு.பி.எஸ். வேண்டும். கடை மூடும் முன் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. பழைய சிட்டையை எரித்துவிட வேண்டாம். ஒரு வருஷம் இரண்டிலும் எழுதுங்கள். இரண்டும் ஒத்து வந்தால் அப்பாவுக்கும் நம்பிக்கை வரும். ஒத்து வராவிட்டால், பெரும்பாலும் பதிந்தவர் கை தவறியிருக்கும். கேட்ட தொகையைத்தான் அந்த யந்திரம் கூட்டும்; 350-ஐ 530 என்று அடித்தால் அதையும் சந்தோஷமாகக் கூட்டிக் கொடுக்கும்.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. கடையில் கூட்டமும் இராது. பழைய பாக்கிகளை ஒவ்வொன்றாக அப்பா சொல்லச் சொல்ல, மகள் பதிந்துகொள்ளலாம். "அந்தப் பெரிய வீடு எது?" என்றும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்தக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். அப்புறம் அதற்கெல்லாம் நேரம் ஏது?