தொடாமல் பாயும் மின்சக்தி

கைப்பேசியைக் கம்பியில் இணைக்காமல், ஒரு சிறு பலகையின்மீது வைத்த மாத்திரத்தில் அதன் மின்கலம் நிரம்பத் தொடங்குவதை இன்று பல இல்லங்களில் காண்கிறோம். காற்றிலே மின்சாரம் பாய்கிறதோ என்று பெரியோர் சிலர் அஞ்சுகின்றனர். இடையில் பரவுவது மின்னோட்டம் அன்று, காந்தப்புலமே.

இதன் வேர் 1831-ஆம் ஆண்டில் இருக்கிறது. இலண்டனில் மைக்கேல் ஃபாரடே என்னும் அறிஞர் ஓர் இரும்பு வளையத்தில் இரு கம்பிச்சுருள்களைத் தனித்தனியே சுற்றினார். ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்திய கணத்திலும் நிறுத்திய கணத்திலும், அதனோடு இணைப்பே இல்லாத மற்றதில் மின்னோட்டம் தோன்றி மறைந்தது. இடைப்பட்ட நேரத்திலோ ஒன்றும் நிகழவில்லை. மாறுகின்ற காந்தப்புலமே மின்சாரத்தைப் பிறப்பிக்கும் என்பது புலனாயிற்று. தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியும் இவ்விதியாலேயே இயங்குகிறது.

ஆகவேதான் பலகையினுள் உள்ள சுருளில் மின்னோட்டம் வினாடிக்கு இலட்சம் தடவைக்கு மேல் திசை மாறுகிறது. கைப்பேசியின் முதுகில் உள்ள சுருள் அத்துடிப்பை ஏற்று மின்சாரமாக்குகிறது. இரண்டும் நேருக்கு நேர், சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருத்தல் வேண்டும். சற்று விலகினாலும் சக்தி குன்றும்.

பலகை கண்ட பொருளுக்கெல்லாம் வாரி வழங்குவதில்லை என்பதே எனக்கு வியப்பளிப்பது. 2010-இல் வெளியான ‘சீ’ என்னும் பொது நியமத்தின்படி, அது அவ்வப்போது ஒரு மெல்லிய துடிப்பை அனுப்பிப் பார்க்கிறது. கைப்பேசி தன் சுருளின் வழியாகவே விடை கூறினால்தான் முழுச் சக்தியும் கிட்டும். விடை நின்றால் சக்தியும் நிற்கும். ஆயினும் இடையில் ஒரு நாணயமோ சாவியோ சிக்கிக்கொண்டால், அதனுள் சுழல் மின்னோட்டம் எழுந்து சூடேறும். நல்ல பலகை இதனை உணர்ந்து நின்றுவிடும். நியமத்துக்கு உட்படாத மலிவுச் சரக்கை நம்புவதற்கில்லை. இம்முறையில் கம்பியைவிடச் சக்தி அதிகம் வீணாகி வெப்பமாகிறது. வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்குமாதலால், தலையணைக்கு அடியில் பலகையை வைத்தல் தகாது.

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர் வீட்டில் இருப்பின், இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். வலிய காந்தம் அருகே வந்தால் அக்கருவி தன் இயல்பான செயல்முறையை மாற்றிக்கொள்ளக்கூடும். ஐபோனை 15 சென்டிமீட்டருக்கு அப்பாலும், கம்பியின்றிச் சக்தி ஏறும்போது 30 சென்டிமீட்டருக்கு அப்பாலும் வைக்குமாறு ஆப்பிள் நிறுவனமே கூறுகிறது. எனவே தாத்தாவின் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை இடுப்புப் பக்கம் மாற்றுங்கள்; கட்டிலருகே உள்ள பலகையை அறையின் மறுகோடியில் வையுங்கள். பிற ஐயங்களை அவருடைய இருதய மருத்துவரிடமே கேட்டறியலாம்.