எண்ணிக்கை பெயராகாது

கலைஞன் சிந்திக்கிறான், தொழிலாளி செய்து முடிக்கிறான். ஆகவே படைப்பு முன்னவனுக்கு, கூலி பின்னவனுக்கு என்பர் சிலர். கூட்டுக்கலை, சமுதாயக்கலை என்று மேடைதோறும் முழங்குவோரிலும் பலர் இக்கருத்தை உள்ளத்தில் ஒளித்து வைத்திருப்பவரே.

கூடலூர் யானைகளை எடுத்துக்கொள்வோம். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய பழங்குடியினர் ஏறத்தாழ 200 பேர், வடிவமைப்பாளர்களுடன் கூடி உண்ணிச்செடித் தண்டுகளால் மெய்யான யானையின் அளவிலேயே உருக்களைச் சமைத்தனர். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் 100 யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டுக்கும் நியூயார்க்குக்கும் சென்றன. அழகுக்கென ஆங்கிலேயர் காலத்தில் வந்த உண்ணிச்செடி இன்று காட்டை மூடி விலங்குகளின் மேய்ச்சலைக் கெடுக்கிறது. அதை வெட்டினால் காட்டுக்கு நன்மை. வெட்டியதை உருவாக்கினால் வீட்டுக்கு வருவாய். நல்ல முயற்சி, பாராட்டுகிறோம்.

ஆனால் இதைப் பற்றி எழுதுவோர் வடிவமைத்தவர் பெயரைச் சொல்கின்றனர், புரவலர் பெயரைச் சொல்கின்றனர். செய்தவர்களை மட்டும் ‘200 கைவினைஞர்’ என்று எண்ணிவிட்டு நகர்கின்றனர். வேகவைத்துப் பட்டை உரித்த தண்டை எங்கே வளைத்தால் தோளாகும், எங்கே நெருக்கினால் தோல்மடிப்பாகும் என்பதை எந்த வரைபடம் சொல்லும்? யானையோடு ஒரே காட்டில் வாழ்ந்தவரின் கண்ணன்றோ அதைத் தீர்மானிக்கிறது!

1377இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் தச்சு, நெசவு, எழுத்தணி, இசை யாவற்றையும் ‘ஸினாஅத்’ என்னும் ஒரே சொல்லின்கீழ் ஆராய்ந்தார். செயலும் சிந்தனையும் ஒருங்கே கலந்த திறமையே அது என்று இலக்கணமும் வகுத்தார். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் அவர் சேர்த்து வைத்ததை நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

இருநூறு பெயரை எப்படி எழுதுவது என்று வினவுவர். ஒரு வரிச் செய்திக்கும் அதைச் சொன்னவர், கேட்டவர் பெயர்களைத் தொடராகக் காத்து, ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களின் வரலாற்றையும் தொகுத்தது ஹதீஸ் கலை. அச்சுப்பொறி இல்லாத காலத்தில் அவர்களுக்கு இயன்றது நமக்கு இயலாதா?

வடிவமைப்பாளர் இன்றி யானை கடல் கடந்திராது என்பதும் மெய்யே. அவர் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. மற்றவர் பெயரையும் எழுதுங்கள் என்கிறோம்.

வால்பாறையில் வாழ்வோருக்கு இது புதிய வழக்கன்று. கொழுந்து எது, முற்றல் எது என்று நொடியில் தேர்வது பறிப்பவளின் விரல். தேயிலைப் பொட்டலத்தில் இருப்பதோ நிறுவனத்தின் பெயர். நாளை ஆனைமலைக் காடர்களையும் தோட்டத் தொழிலாளரையும் கூட்டுக்கலைக்கு அழைக்க எவரேனும் வரலாம். வருவோரிடம் முதலிலேயே கேட்போம்: முடிவெடுப்பவர் யார்? வருவாயில் பங்கு எவ்வளவு? பலகையில் எவர் பெயர்? இம்மூன்றுக்கும் விடை கூறாதவர் தேடுவது கூட்டாளிகளை அன்று, கூலியாட்களையே.