வலி நின்றால் நோய் தீர்ந்ததாகுமா?



இம்மாதம் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு இப்பக்கத்தைத் தொடங்குகிறேன். குற்றம் என்னுடையது, துன்புற்றவரோ வேறொருவர்.

எங்கள் பங்கில் முதிய தச்சர் ஒருவர் இருக்கிறார். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் சப்பரத்தைப் பழுதுபார்த்துத் தருபவர் அவரே. சென்ற ஆண்டு அவ்வேலையின் நடுவில், கன்னத்தைக் கையால் தாங்கியவண்ணம் என்னிடம் வந்தார். "சாமி, மூன்று இரவுகளாய்த் தூக்கமில்லை. கீழ்க்கடைவாய்ப் பல் குத்துகிறது. சூடாகக் காப்பி குடித்தால் உயிர் போகிறது" என்றார். நான் கிராம்புத் தைலத்தை எடுத்துக் கொடுத்து, "ஐயா, இதைப் பஞ்சில் நனைத்து வையுங்கள். திருவிழா முடியட்டும், பிறகு மருத்துவரிடம் போகலாம்" என்றேன். நான்காம் நாள் அவர் முகமலர்ச்சியோடு வந்தார். "வலி போன இடம் தெரியவில்லை, சாமி" என்றார். நானும் மகிழ்ந்தேன். திருவிழா இனிதே முடிந்தது. பல்லை இருவரும் மறந்துவிட்டோம்.

இரண்டு மாதங்கள் சென்றிருக்கும். ஒருநாள் விடியற்காலையில் அவருடைய மகன் ஓடிவந்தார். தந்தைக்குக் கடுங்காய்ச்சல், தாடையிலிருந்து கழுத்துவரை வீக்கம், வாயைத் திறக்க இயலவில்லை, எச்சிலை விழுங்கவும் முடியவில்லை. அவர் நீரிழிவு நோயாளி என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மருத்துவமனையில் அவருடைய மூச்சுப்பாதை அடைபட்டுவிடுமோ என்று மருத்துவர்களே அஞ்சினர். கழுத்தைக் கீறிச் சீழை வெளியேற்றி, பல்லையும் பிடுங்கி, பல நாள்கள் மருந்து செலுத்திய பின்னரே அவர் பிழைத்தார்.

அங்கிருந்த பல் மருத்துவர் என்னிடம் சொன்ன சொற்கள் இன்றும் என் காதில் ஒலிக்கின்றன: "அன்று வலி நின்றது நோய் தீர்ந்ததால் அன்று, ஃபாதர். பல்லின் நரம்பு செத்துப்போனதால்." நான் மகிழ்ந்த நாள், உண்மையில் அவருடைய பல் இறந்த நாள்! இதை அறியாமல் இருந்தது நான் மட்டும் அன்று. நம் குடும்பங்களில் மிகப் பலரும் அறியார். ஆகவேதான் இம்மாதம் பல்லைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

பல்லின் அமைப்பை அறிந்தால் மற்றவை எளிதில் விளங்கும். பல்லைத் தேங்காய்க்கு ஒப்பிடலாம். வெளியே ஓடுபோல் இருப்பது எனாமல். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுவே. உள்ளே பருப்புபோல் இருப்பது டென்டின். அதற்கும் உள்ளே, தேங்காயில் நீர் இருக்கும் இடத்தில், நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான கூழ் இருக்கிறது. எனாமலில் நரம்பு இல்லை. எனவே, சொத்தை அங்கே தொடங்கும்போது நமக்கு வலிப்பதே இல்லை. வலி வரும்போது நோய் ஓட்டைத் துளைத்துப் பருப்பையாவது எட்டியிருக்கும். வலி நோயின் தொடக்கமன்று. பெரும்பாலும் அது நெடுந்தூரம் வந்துவிட்டதன் அறிகுறி.

சொத்தைப் பல்லைப் 'பூச்சிப்பல்' என்று அழைக்கிறோம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் புழு விழும் என்று நம்பியோர் உண்டு. உண்மையில் அங்கே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பல்லின்மேல் மெல்லிய படலமாய்ப் படிந்து வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவையும் உண்டு, அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலமே எனாமலைக் கரைக்கிறது. ஒருமுறை இனிப்பு உண்டால் ஏறத்தாழ அரைமணி நேரம் இந்த அரிப்பு நிகழும். பின்னர் உமிழ்நீர் அதைத் தணித்து, இழந்த தாதுக்களைச் சிறிது திருப்பித் தரும். எனவே எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைவிட, எத்தனை முறை உண்கிறோம் என்பதே பெரிது. விருந்துக்குப் பின் ஒருமுறை பாயசம் அருந்துபவரைவிட, நாள் முழுதும் சர்க்கரைக் காப்பியும் பிஸ்கோத்துமாய் இருப்பவரின் பற்களுக்கே கேடு மிகுதி; பற்களைத் தேற்றிக்கொள்ள உமிழ்நீருக்கு அங்கே ஓய்வே கிடைப்பதில்லை.

நோய் உள்ளே செல்லும் வழியைப் பல் நமக்குச் சொல்லிக்கொண்டே வருகிறது, நாம்தான் செவிமடுப்பதில்லை. குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரெனக் கூசி உடனே அடங்கினால், கூழ் இன்னும் உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். சூடு பட்டால் வலி எழுந்து நெடுநேரம் நிற்பதும், தானாகவே இரவில் எழுப்புவதும், கூழ் மீளமுடியாத அளவுக்கு வீங்கிவிட்டதைக் காட்டும். அதன்பின் கூழ் இறக்கிறது, வலி அடங்குகிறது. நாமோ கிராம்பின் மகிமை என்கிறோம். நுண்ணுயிர்கள் அந்த வெற்றறையில் குடியேறி, வேரின் நுனி வழியே எலும்புக்குள் இறங்கிச் சீழ்க்கட்டியை உண்டாக்குகின்றன. என் தச்சருக்கு நேர்ந்தது இதுவே. கிராம்புத் தைலம் வலியைச் சிறிது மரத்துப்போகச் செய்யும். நோயைத் தொடவும் செய்யாது. மருந்துக் கடையில் நாமாகவே வாங்கி விழுங்கும் மாத்திரைகளும் அவ்வாறே. வீக்கத்தைத் தற்காலிகமாக வற்றச் செய்தாலும், பல்லுக்குள் இருக்கும் மூலத்தை அவை அகற்றுவதில்லை.

பல் மருத்துவரிடம் செல்லப் பலரும் அஞ்சுகின்றனர். அங்கே என்ன செய்கிறார்கள் என்பதை அறிந்தால் அச்சம் பாதி குறையும். முதலில் மருத்துவர் கேட்பார்: எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, வேறு நோய் உண்டா, என்னென்ன மருந்து உட்கொள்கிறீர்கள்? நீரிழிவு, இதயநோய், கருவுற்றிருத்தல் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். பின் சிறு கண்ணாடியும் மெல்லிய ஊசிக்கருவியும் கொண்டு பார்ப்பார். பல்லை மெல்லத் தட்டுவார். குளிர்ச்சி படச்செய்து கூழின் உயிரை அறிவார். தேவையானால் எக்ஸ்-ரே எடுப்பார். இரு பற்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் சொத்தையும், வேர்நுனியில் கரைந்த எலும்பும் அதில் கருநிழலாய்த் தெரியும்.

சொத்தை ஆழமில்லையெனில், கெட்ட பகுதியை நீக்கி அடைத்துவிடுவார். பெரும்பாலும் ஒரே நாளில் முடியும் வேலை. கூழ் கெட்டிருந்தால் வேர்ச்சிகிச்சை செய்வார். மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லின் மேலே துளையிட்டு, செத்த கூழை அகற்றி, வேருக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களை மெல்லிய அரங்களால் தூய்மை செய்து, மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருளால் அடைப்பார். பின் அப்பல் உடையாதிருக்க மேலே உறை அணிவிப்பார். பல்லில் காப்பாற்ற ஏதும் எஞ்சவில்லை என்றால்தான் பிடுங்குவார். மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று நம் தாய்மார் அஞ்சுவதுண்டு. பார்வை நரம்பு வேறு, பல் நரம்பு வேறு. பிடுங்குவதால் பார்வை குன்றுவதில்லை.

வலியின்றி அறுவை செய்யும் பேற்றை உலகுக்குத் தந்ததில் பல் மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1846-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஈதர் என்னும் மயக்கமருந்தைப் பலர் முன்னிலையில் செலுத்தி, நோயாளி வலி உணராமல் அறுவை செய்ய வழிகாட்டிய வில்லியம் மார்ட்டன் ஒரு பல் மருத்துவரே. பல்லைப் பிடுங்கும் வேதனையைக் கண்டு இரங்கியோரின் முயற்சி, எல்லா நோயாளிக்கும் பயன்பட்டது.

ஈறுகளையும் மறத்தலாகாது. பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தால், துலக்குவதை நிறுத்திவிடுவோர் பலர். அது தவறு. பல்லில் படியும் படலத்தை நீக்காமல் விட்டால் அது இறுகிக் காரையாகிறது. ஈறு வீங்கி, நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது. இந்நோயும் பெரும்பாலும் வலிப்பதில்லை. காரையை மருத்துவர் அகற்றினால் பற்கள் ஆட்டங்கண்டுவிடும் என்பார்கள். ஆட்டத்துக்குக் காரணம் முன்னரே கரைந்துபோன எலும்பு. காரை அதை மறைத்திருந்தது, அவ்வளவே. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறுநோய் விரைந்து முற்றும். ஈறுநோயோ சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர விடாது. ஒன்றுக்கொன்று துணைபோகும் இவ்விரு பகைவரையும் சேர்த்தே வெல்ல வேண்டும்.

பெற்றோரே, உங்களுக்கு ஒரு சொல். பால்பற்கள் 20, நிலைப்பற்கள் 32. குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு வயதாகும்போது, பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, முதல் நிலைக்கடைவாய்ப்பல் முளைக்கிறது. பல் விழாததால் அதையும் பால்பல் என்றே எண்ணி, 'விழப்போகிற பல்தானே' என்று சொத்தையை விட்டுவிடுகிறோம். அது விழாது, வாழ்நாள் முழுதும் மெல்ல வேண்டிய பல் அது. அதன் மேற்பரப்பிலுள்ள ஆழ்ந்த பள்ளங்களைச் சொத்தை வருமுன்னரே மருத்துவர் ஒரு பூச்சால் அடைத்துவிட முடியும். விழப்போகிற பால்பற்களையும் அலட்சியம் செய்யலாகாது. அவை நிலைப்பற்களுக்கு இடம் காத்து நிற்கும் காவலர்கள். பால்புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்கவிடாதீர்கள்.

நோய் வருமுன் காக்கும் வழிகள் எளியவை, செலவும் குறைந்தவை. காலையில் மட்டுமன்றி, இரவு உறங்குமுன்னும் துலக்குங்கள். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவே நுண்ணுயிர்களின் அறுவடைக் காலம். மென்மையான தூரிகையும் ஃபுளோரைடு கலந்த பற்பசையும் கொண்டு இரண்டு நிமிடம் துலக்கினால் போதும். அழுத்தித் தேய்ப்பது ஈறுக்கும் எனாமலுக்கும் கேடு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பற்பசையும், அதற்கு மேல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவும் போதும். செங்கல் தூளும் கரியும் எனாமலைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடியோ நஞ்சே ஆகும்.

ஃபுளோரைடு தீது என்று கேட்டிருக்கிறோமே என்பீர்கள். குடிநீரில் அது அளவு மீறினால் தீதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் அது மிகுந்ததால், பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது, எலும்புகளும் கெட்டன. அதற்காகவே ஒகேனக்கலில் காவிரி நீரை எடுத்து அம்மக்களுக்கு வழங்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாயிற்று. ஆனால் அளவாய்ப் பற்பசையில் பூசித் துப்பிவிடுவது வேறு. அது எனாமலை உறுதியாக்குகிறது. உப்பு உணவுக்குச் சுவை. அளவு மீறினால் வாயில் வைக்க முடியாது அல்லவா?

வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பெரியோர் நம் வீடுகளில் உண்டு. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெண்ணிறத் திட்டு, செந்நிறத் திட்டு, வாய் திறப்பது குறைதல் — இவற்றில் எது தென்பட்டாலும் தாமதிக்கலாகாது. வாய்ப்புற்றுநோயும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் சென்றோர்க்கே அங்கு நம்பிக்கை மிகுதி.

பொருளில்லையே என்று தயங்குவோர் உண்டு. அவர்களுக்காகவே சொல்கிறேன்: 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கி வளர்ந்த தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கோட்டை ரயில் நிலையத்தை அடுத்து இருக்கிறது. நங்கநல்லூர்வாசிகள் பழவந்தாங்கலில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், இடையில் மாறாமலேயே அங்குச் சென்று இறங்கலாம். மேலும், சிறு சொத்தையை அடைப்பதற்கு ஆகும் செலவு, அதையே முற்றவிட்டு வேர்ச்சிகிச்சை செய்வதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே. தள்ளிப்போடுவது சிக்கனமன்று.

பல்நோயாளரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றும் புனித அப்பொலோனியாவை, பிப்ரவரி 9-ஆம் நாள் நினைவுகூருகிறோம். கி.பி. 249-இல் அலெக்சாந்திரியா நகரில் பகைவர் அவருடைய பற்களை அடித்து நொறுக்கினர். அவர் விசுவாசத்துக்காகப் பற்களை இழந்தார். நாமோ அசட்டையால் இழக்கிறோம். அவரிடம் வேண்டுதல் செய்வது நன்று. ஆயினும் மருத்துவரை மதிக்கும்படி சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம் கற்பிப்பதை மறந்து, வேண்டுதலையே தாமதத்துக்குச் சாக்காக்குவது நன்றன்று. திருவிழாவைச் சாக்காக்கிய நான் இதை அனுபவித்து எழுதுகிறேன்.

தச்சர் இப்போது நலமாய் இருக்கிறார். இவ்வாண்டும் சப்பர வேலைக்கு வந்தார். உளியை எடுக்குமுன் என்னைப் பார்த்துச் சிரித்து, "சாமி, பேரனுக்குப் பல் கூசுகிறதாம். வலி வருமுன்னே நாளை ரயிலேறப் போகிறோம், வேலை ஒருநாள் தாமதமாகும்" என்றார். தாடைக்குக் கீழே அந்தத் தழும்பு தெரிந்தது.

"சப்பரம் காத்திருக்கும், ஐயா. பல் காத்திருக்காது, போய் வாருங்கள்" என்றேன். சென்ற ஆண்டே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.