பத்து சென்ட் நிலமும் ஒரு மொழியின் சொற்களும்

வீட்டுத் தோட்டத்தின் இன்பம் என்றவுடன் அதனை ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு என்றோ, வசதி படைத்தோரின் அழகுணர்ச்சி என்றோ ஒதுக்கிவிடும் வழக்கம் கல்விப்புலத்தில் உண்டு. கேரளத்தின் வீட்டுத் தோட்டங்களை முன்வைத்து நோக்கினால் இக்கருத்து நிலைபெறாது. முற்றத்தில் செம்பருத்தி, கிணற்றடியில் வாழை, எல்லையோரம் பலா, அதன்மீது படர்ந்த மிளகுக்கொடி, இடையிடையே தென்னை என அமைந்த அச்சிறு பரப்பு உணவையும் நிழலையும் வருவாயையும் தருகிறது. அவற்றோடு சொற்களையும் தருகிறது.

கடைக்குச் செல்பவருக்குத் தென்னையின் காய் இரண்டே வகை: இளநீர், தேங்காய். மரத்தடியில் வாழ்பவருக்கு அது படிப்படியாக வளரும் பொருள். மலையாளத்தில் பிஞ்சு உதிர்ந்தால் மச்சிங்ஙா, இளநீர்ப் பருவத்தில் கரிக்கு, முற்றினால் தேங்ஙா, உள்நீர் வற்றி உலர்ந்தால் கொட்டத்தேங்ஙா. தமிழும் குரும்பை, இளநீர், தேங்காய், நெற்று எனப் பருவந்தோறும் பெயர் வைத்துள்ளது. தமிழர் மாவடு என்பதை மலையாளி கண்ணிமாங்ஙா என்கிறார். இளம்பலாவுக்கு இடிச்சக்க என்று பெயர். முற்றிய பலாவில் வரிக்க வேறு, கூழ வேறு. இச்சொற்கள் யாவும் காத்திருத்தலில் பிறந்தவை. பூ காயாகும் வரை, காய் கனியாகும் வரை நாள்தோறும் அண்ணாந்து பார்த்தவர்களுக்கே இவ்வளவு பெயர்கள் தேவைப்பட்டன. தோட்டத்தின் இன்பம் என்பதும் பெரும்பாலும் இக்காத்திருப்பின் இன்பமே.

இவ்வறிவின் மதிப்பை முதலில் அச்சேற்றியவர்கள் அயலவர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’, டச்சு ஆளுநர் வான் ரீடின் பெயரால் அறியப்படுகிறது. அதன் உள்ளடக்கத்தில் பெரும்பங்கு இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் அறிவிலிருந்து வந்தது. செடிகளின் மலையாளப் பெயர்களே அந்நூலில் தலைப்புகளாக நின்றன. பின்னாளில் லின்னேயஸும் அந்நூலைப் பயன்படுத்தினார். ஐரோப்பியத் தாவரவியலுக்குச் சான்றான அச்சொற்கள் மலையாளிகளின் வாழிடத்திலும் புழக்கத்திலும் உருவானவை.

எனினும் தோட்டம் எல்லோருக்கும் வாய்த்ததன்று. பிறர் நிலத்தில் குடிசை அமைத்து வாழ்ந்த குடிகிடப்புக்காரர் நட்ட மரம் அவருக்கு உரியதாக இல்லை. நிலவுடைமையாளர் வெளியேற்றினால் மரத்தை விட்டுச் செல்ல வேண்டும். 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தச் சட்டத் திருத்தம், ஊராட்சிப் பகுதிகளில் 10 சென்ட் வரை குறைந்த விலைக்குப் பெறும் உரிமையை அவர்களுக்கு அளித்தது. தம் பலாவின் முதற்கனியைத் தாமே அறுத்த அக்குடும்பங்களின் மகிழ்ச்சி அரசியல் மகிழ்ச்சியும் ஆகும். நிலமே கிட்டாத தலித், பழங்குடிக் குடும்பங்கள் இன்றும் இருப்பதை மறந்துவிட்டுத் தோட்ட இன்பத்தைப் பாடுவது நேர்மையன்று.

இன்று அந்தப் பத்து சென்ட் பாகப்பிரிவினையில் சிறுத்துவிட்டது. எஞ்சிய முற்றத்தையும் பல வீடுகளில் சிமெண்ட் ஓடுகள் மூடுகின்றன. அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள் பூக்களத்துக்குத் தும்பையும் முக்குற்றியும் பறித்த குழந்தைகளின் இடத்தில், தோவாளையிலிருந்தும் குண்டலுப்பேட்டையிலிருந்தும் வரும் செண்டுமல்லி மூட்டைகள் நிற்கின்றன. அப்பூக்களால் தமிழக, கர்நாடக உழவர்கள் வாழ்கிறார்கள். அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் எடைபோட்டு வாங்கிய பூவுக்கு ஒரு பெயர் போதும். வேலியோரம் தேடிப் பறித்த பூவுக்கு இடமும் பருவமும் நேரமும் சேர்ந்த அறிவு வேண்டும்.

மொழி மாறுவது இயல்பு, சொல் அழிவதற்கு வருந்துவது மொழியியலாளரின் வேலையன்று என்னும் மறுப்பு எழலாம். மாற்றம் இயல்பு என்பது உண்மையே. ஆனால் இங்கு ஒரு சொல்லின் இடத்தில் வேறு சொல் வரவில்லை. வேறுபடுத்திப் பார்க்கும் தேவையே மறைகிறது. மச்சிங்ஙா என்பதற்கு ஆங்கிலச் சொல் வந்திருந்தால் அது மொழிமாற்றம். அதனைப் பெயரிட்டு அழைக்க வேண்டிய சூழலே இல்லாமற்போவது வாழ்க்கைமாற்றம். அகராதியில் ஏற்றி வைத்தால் சொல்லின் வடிவம் மிஞ்சும். அச்சொல்லால் உலகைப் பகுத்த பார்வை மிஞ்சாது.

ஆகவே களப்பணிக்குச் செல்லும் மொழியியல் மாணவர்கள் சொற்பட்டியலைத் திண்ணையில் அமர்ந்து மட்டும் நிரப்பலாகாது. வீட்டின் மூத்த பெண்களோடு தோட்டத்தினுள் நடந்து, காய்க்கும் மாதத்தில் ஒருமுறையும் பழுக்கும் மாதத்தில் ஒருமுறையும் கேட்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவதும் சருகு கூட்டுவதும் ஊறுகாய் போடுவதும் பெரும்பாலும் அவர்களே. சொற்களும் அவர்களிடமே உள்ளன. பள்ளிகள் ஓணப் பூக்களத்தில் ஒரு நாளையேனும் சுற்றுப்புறப் பூக்களுக்கென ஒதுக்கலாம். நிலமற்றோர்க்கு நிலம் என்னும் கோரிக்கையிலும் ஒரு மரம் நிற்பதற்கான இடம் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும்.

பழத்தை எவரும் விலைக்கு வாங்கலாம். அது பிஞ்சாயிருந்த நாளை அறிந்திருக்கும் இன்பமும், அந்நாளைச் சுட்டும் சொல்லும், மரத்தடியில் வாழ்வோர்க்கே வாய்க்கின்றன.